மூன்று வருஷம் ஓட்டிய எரிபொருள் கலம்: பிளாட்டினம் தீர்ந்துபோகுமா?

காரைக்குடியில் பாலிடெக்னிக் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக வாங்கிய சின்ன ஹைட்ரஜன் எரிபொருள் கலம் இது; ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் தரும், அதற்கு வினையூக்கி பிளாட்டினம். ஐந்துக்கு ஐந்து சென்டிமீட்டர், ஒரு பொம்மைக் காற்றாடியைச் சுழற்றும், அவ்வளவுதான். ஹைட்ரஜனுக்கு, தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்கும் ஒரு குட்டி மின்பகுப்பானும் கூடவே வந்தது.

வந்த அன்றே பக்கத்து வீட்டு ஆச்சி, "பிளாட்டினம்னு சொல்றியே தம்பி, இதுல எத்தனை பவுன் இருக்கும்?" என்று கேட்டார்கள். சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மில்லிகிராம், இரண்டு பக்கமும் சேர்த்து 25 மில்லிகிராம். மூக்குத்தித் திருகாணிக்குக்கூடத் தேறாது. மேற்பரப்பில் இருக்கும் அணுதான் வேலை செய்யும் என்பதால் சில நானோமீட்டர் துகள்களாகக் கரித்தூளில் தூவிவிடுகிறார்கள்.

வினையூக்கி தீராது என்று வகுப்பில் நானே சொல்லித்தருகிறேன். தீராதுதான், ஆனால் கிழடாகும். காற்றாடி ஓடும்போது முதல் வருஷம் 0.66 வோல்ட் காட்டிய கலம் இப்போது 0.55-இல் நிற்கிறது. கணக்குப்படி 1.23 வரவேண்டும், புதிதிலேயே வராது. ஹைட்ரஜன் பக்கம் சுலபம், ஆக்சிஜனை உடைப்பதற்குத்தான் பிளாட்டினமே திணறும். போகப்போகத் துகள்கள் கரைந்து, ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து, பரப்பு குறைகிறது. அடிக்கடி நிறுத்தி நிறுத்திப் போட்டால் அடியில் இருக்கும் கரியும் அரித்துப்போகிறது. வகுப்பில் ஆளுக்கொரு தடவை ஆன், ஆஃப் என்று விளையாடவிட்டது என் தப்பு.

பெரிய அடி தண்ணீரால். இரண்டாம் வருஷம் காய்ச்சி வடித்த நீர் தீர்ந்துபோக, ஒரு பையன் போர் தண்ணீரை மின்பகுப்பானில் ஊற்றிவிட்டான். நம்மூர் உப்பு தெரியுமே! கால்சியமும் சோடியமும் அதன் மெம்பிரேனில், அதாவது புரோட்டானைக் கடத்தும் மெல்லிய படலத்தில், புரோட்டான் போகும் இடத்தைப் பிடித்துக்கொண்டன. நீர்த்த கந்தக அமிலத்தில் ஊறவைத்து அலசியதில் கொஞ்சம் தேறியது. "முற்றத்து மழைத்தண்ணி ஊத்தலாமா சார்?" என்றான் இன்னொருவன். ஓட்டுத் தூசியும் புறா எச்சமும் போகட்டும், பித்தளைக் கிடாரத்தில் பிடித்தால் செம்பும் கலக்கும், அப்புறம் அதற்கொரு வைத்தியம். வேண்டவே வேண்டாம்.

விற்றவர் "எந்த ஹைட்ரஜனும் ஓடும்" என்றார், நம்பாதீர்கள். இயற்கை எரிவாயுவிலிருந்து எடுத்ததில் கார்பன் மோனாக்சைடு பத்து லட்சத்தில் பத்துப் பங்கு மிஞ்சியிருந்தாலே, இந்த மாதிரி குறைந்த வெப்பக் கலத்தில் பிளாட்டினத்தில் ஒட்டிக்கொண்டு வழியை அடைக்கும். அதைத் தாங்க ருத்தேனியம் கலந்த பிளாட்டினம் வேண்டும், என்னுடையது வெறும் பிளாட்டினம்.

இரும்பும் நைட்ரஜனும் கலந்த கரி வினையூக்கி மலிவு என்கிறார்கள், ஆனால் அமில மெம்பிரேனோடு சேர்ந்தால் ஆயுசு கம்மி. இந்த ஊரிலேயே 1948-இல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வந்த சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இருக்கிறது, அந்த வழியாகப் போகும்போதெல்லாம் இந்தப் பொம்மையை நினைத்துச் சிரிப்பு வரும். அடுத்தது மறுபடியும் பிளாட்டினம்தான் வாங்குவேன். மின்பகுப்பானைப் பூட்டி வைத்து, சாவியை நானே வைத்துக்கொள்வேன்.