630 செயினை 530 ஆக மாற்றக் கொடுக்கிறீர்களா? முதலில் பல்லை எண்ணுங்கள்

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். செயின் செட் மாற்றித் தருகிறேன் என்று வாங்கிய ஒரு மெக்கானிக் என் வண்டியை என்ன பாடு படுத்தினார் என்று எழுதுகிறேன். பெயர் வேண்டாம். செய்த வேலையை மட்டும் ஒன்று விடாமல் சொல்கிறேன், அடுத்தவர் வண்டிக்கு இது நடக்கக் கூடாது.

என்னுடையது 1970களின் கடைசியில் வந்த ஜப்பானிய நாலு சிலிண்டர் வண்டி. அந்தக் காலத்துப் பெரிய வண்டிகள் பலவற்றில் 630 செயின்தான் இருக்கும். அந்த முதல் எண் ஒரு ரோலருக்கும் அடுத்த ரோலருக்கும் உள்ள தூரம். 6 என்றால் எட்டில் ஆறு அங்குலம், 19.05 மி.மீ. 5 என்றால் எட்டில் ஐந்து, 15.875 மி.மீ. பின்னால் வரும் 30 உள் அகலம், 9.53 மி.மீ., இரண்டு செயினுக்கும் ஒன்றுதான். 630 கனமான செயின். இன்றைக்கு அதில் தேர்ந்தெடுக்க அதிகம் கிடைப்பதில்லை. 530 எங்கும் கிடைக்கிறது, தகடுகளுக்கு நடுவே ரப்பர் வளையம் வைத்த நல்ல ஓ-ரிங் வகைகளும் உண்டு. அதனால் மாற்ற நினைத்தது தப்பில்லை, உலகம் முழுக்கச் செய்கிற மாற்றம்தான்.

செயின் மாட்டுகிற பல்சக்கரம்தான் ஸ்பிராக்கெட். என் வண்டியில் முன் ஸ்பிராக்கெட்டில் 15 பல், பின்னால் 41. வண்டியைப் பார்த்ததுமே அவர் சொன்னார்: "பதினஞ்சு, நாப்பத்தொண்ணு அப்படியே போட்டுத் தரேன் சார். பல் கணக்கு மாறலன்னா ரேஷியோ மாறாது. நிம்மதியா ஓட்டுங்க."

ரேஷியோ, அதாவது பின் பல்லுக்கும் முன் பல்லுக்கும் உள்ள விகிதம், மாறாது என்பது உண்மை. 41ஐ 15ஆல் வகுத்தால் 2.73, செயின் எந்த அளவாக இருந்தாலும் அதேதான். ஆனால் பல்லுக்குப் பல் தூரம் குறையும்போது பல் எண்ணிக்கையை அப்படியே விட்டால் ஸ்பிராக்கெட்டே சிறுத்துப் போகும். 630இல் 15 பல்லுக்கு ரோலர்கள் உட்காரும் வட்டத்தின் விட்டம் 91.6 மி.மீ. 530இல் அதே 15 பல்லுக்கு 76.4 மி.மீ. பின் ஸ்பிராக்கெட் 249இலிருந்து 207க்கு இறங்கிவிடுகிறது. அளவு மாறாமல் இருக்க வேண்டுமானால் பல்லை ஐந்துக்கு ஆறு என்ற கணக்கில் கூட்ட வேண்டும். 15க்கு 18, 41க்கு 49. 18 பல் 530 ஸ்பிராக்கெட்டின் விட்டம் 91.4. பழையதோடு கிட்டத்தட்ட ஒட்டிப் போகிறது. இந்த ஒரு கணக்கு அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தால் வண்டியை அங்கிருந்து தள்ளிக்கொண்டே வந்திருப்பேன்.

சின்ன ஸ்பிராக்கெட்டால் என்ன கெடுதல் என்று கேட்கலாம். கியர்பாக்ஸ் தருகிற அதே முறுக்கு விசை குறைந்த ஆரத்தில் செயினை இழுக்கிறது. கணக்குப் போட்டால் செயின் மீது இழுவை 20 சதவீதம் கூடுகிறது. அதுவும் கனம் குறைந்த செயின் மீது. இன்னொன்று, செயின் போகிற பாதையே மாறுகிறது. செயினின் மேல் பாதி, அதாவது மேல் ஓட்டம், முன்பக்கம் ஏழரை மில்லிமீட்டரும் பின்பக்கம் 20 மில்லிமீட்டரும் கீழே இறங்கிவிட்டது. அங்கே இருப்பது பின் சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்ம். வண்டி வந்த மூன்றாம் நாளிலிருந்தே வேகம் குறைக்கும்போது அடியில் கரகரவென்று ஒரு சத்தம். போன் செய்து கேட்டேன். "புது செயின் சார், செட் ஆகட்டும்" என்றார். நம்பினேன். அந்த நம்பிக்கைக்கு விலையாக ஸ்விங் ஆர்மின் ரப்பர் முழுக்க அறுந்து, உள்ளே இரும்பில் இரண்டு கோடாகப் பள்ளம் விழுந்திருக்கிறது. நாற்பது வருஷத்துக்கும் மேல் ஒரு கீறல் இல்லாமல் இருந்த ஸ்விங் ஆர்ம் அது.

சுமார் 1,400 கிலோமீட்டர் ஓடியபின் ஒரு நாள் காலை செயினுக்கு எண்ணெய் விட உட்கார்ந்தேன். செயினின் இரு முனைகளையும் சேர்க்கிற லாக்கின் கிளிப்பைக் காணோம். வெளித்தகடு ஒரு பின்னிலிருந்து பாதி கழன்று வந்து நிற்கிறது. முந்தின நாள் அதே வண்டியில் நெடுஞ்சாலையில் என் மகளைப் பின்னால் உட்காரவைத்து வந்திருந்தேன். கை நடுங்கிவிட்டது. ஓட்டத்தில் செயின் அறுந்தால் முன் ஸ்பிராக்கெட்டில் சுருண்டு என்ஜின் கேஸையே உடைக்கும், பின் சக்கரத்தைப் பூட்டிவிடவும் கூடும்.

அன்றே எல்லாவற்றையும் கழற்றினேன். ஒவ்வொன்றாக வந்தது.

செயினில் 101 கண்ணி. ஒற்றைப்படை. ஒற்றைப்படையில் செயின் சேர வேண்டுமானால் நடுவே வளைந்த அரைக் கண்ணி ஒன்று போட்டே ஆக வேண்டும், போட்டிருந்தார். செயினில் பலவீனமான இடம் அதுதான், இவ்வளவு இழுவை உள்ள வண்டியில் அதற்கு இடமே கிடையாது. ஓ-ரிங் செயின் என்று பெட்டியைக் காட்டித்தான் பணம் வாங்கினார். மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தால் தகடுகளுக்கு நடுவே ஒரு ரப்பர் வளையம்கூட இல்லை. தகட்டில் எண்ணோ கம்பெனி முத்திரையோ எதுவும் இல்லை. நல்ல செயினில் வெளித்தகட்டில் இரண்டும் குத்தியிருக்கும். எடுத்தவுடனே அதைப் பார்த்துவிடுங்கள், பெட்டியைப் பார்க்காதீர்கள்.

கிளிப் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதற்கு இப்போது சாட்சி இல்லை. ஆனால் எல்லோரும் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்: மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மேல் ஓட்டத்தில் என்றால் வண்டியின் முன்பக்கம். இவ்வளவு பெரிய என்ஜினுக்குக் கிளிப்பே வேண்டாம், ரிவெட் அடிக்கிற லாக் போடச் சொல்லுங்கள்.

பின் ஸ்பிராக்கெட் இன்னும் மோசம். பல் முனைகள் 1,400 கிலோமீட்டரிலேயே கொக்கி மாதிரி வளைந்திருந்தன. ஒரு சின்ன அரத்தை எடுத்துப் பல் ஓரத்தில் உரசினேன். வெண்ணெயாக அறுத்தது. கடினப்படுத்திய பல்லில் அரம் பிடிக்காமல் வழுக்கும். இது சாதாரண மைல்டு ஸ்டீலில் வெட்டி, ஹார்டனிங் எதுவும் செய்யாமல் கொடுத்தது. துளைகளும் மையத்துக்குச் சரியாக இல்லை. ஏற்ற இறக்கத்தை அளக்கிற டயல் கேஜ் வைத்துச் சுற்றினால் 1.2 மி.மீ. ஏறி இறங்குகிறது. அதனால்தான் சக்கரத்தை ஒரு இடத்தில் நிறுத்தினால் செயின் தொய்வு 40 மி.மீ., அரைச் சுற்று தள்ளினால் விறைத்து 10 மி.மீ. தொய்வான இடத்தில் பார்த்து இறுக்கினால் விறைப்பான இடத்தில் கியர்பாக்ஸ் பேரிங்கைத்தான் இழுக்கிறோம். தொய்வை எப்போதும் விறைப்பான இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து அங்கே அளக்க வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

நேரில் போனேன். கழற்றிய சாமான்களை மேஜையில் வைத்தேன். "வண்டி ஓடுச்சில்ல சார், நீங்க ஓட்டுற ஓட்டு அப்படி" என்றார். பதினெட்டு, நாற்பத்தொன்பது என்று கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். காகிதத்தைப் பார்க்கவே இல்லை. பிறகு அங்கே வேலை செய்கிற பையன் வெளியே வந்து மெல்லச் சொன்னான், 15 பல் 530 ஸ்பிராக்கெட் ஒன்று வேறு வண்டிக்கு வாங்கி மீதியாகக் கிடந்ததாம். என் வண்டிக்கு எது சரி என்ற யோசனையே எழவில்லை, கையில் இருந்ததை மாட்டிவிட்டார். பணத்தைத் திருப்பிக் கேட்டேன், கொடுக்கவில்லை. அது போகட்டும்.

என்னால் தாங்க முடியாதது வேறு. "என் பழைய ஸ்பிராக்கெட் இரண்டையும் கொடுங்கள்" என்றேன். "அதுவா, பழைய இரும்போட போட்டுட்டேன்" என்றார். வண்டியோடு தொழிற்சாலையிலிருந்து வந்த சாமான் அவை. பல் தேய்மானம் பாதிகூட ஆகவில்லை. நானே வெர்னியர் வைத்து அளந்து குறித்து வைத்திருந்தேன். அவை கையில் இருந்திருந்தால் ஒரு 630 செயின் தேடிப் பிடித்துப் பழையபடி ஆக்கியிருப்பேன். வண்டியை விடும்போதே, கழற்றுகிற ஒவ்வொரு சாமானும் எனக்குத் திரும்ப வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்கியிருக்க வேண்டும். நீங்கள் எழுதி வாங்குங்கள், கூடவே முன்பின் ஸ்பிராக்கெட்டைப் பல் தெரிகிற மாதிரி படமும் எடுத்து வையுங்கள்.

இப்போது வேறு ஒருவரிடம் சரியாகச் செய்தாகிவிட்டது. 18, 49, நல்ல ஓ-ரிங் செயின் 106 கண்ணி, ரிவெட் லாக். 18 பல் பழைய அளவுக்கே வருவதால் முன் கவருக்குள் இடிக்காமல் உட்கார்ந்தது. மாட்டிய பிறகு நேரான இரும்புப் பட்டையை பின் ஸ்பிராக்கெட்டின் முகத்தில் வைத்து முன் ஸ்பிராக்கெட் அதே கோட்டில் நிற்கிறதா என்று என் கண் முன்னால் பார்த்தார். பல்லை நானும் எண்ணினேன், அவரும் எண்ணினார், அதற்குப் பிறகுதான் லாக் அடித்தார். மேல் ஓட்டம் ஸ்விங் ஆர்முக்கு மேலே சுத்தமாக விலகி ஓடுகிறது. பள்ளம் விழுந்த இடத்தை அவர் நிரப்பித் தரவில்லை. சூடு பட்டால் குழாய் பலவீனமாகும், ஆழம் குறைவுதான், ரப்பரை மட்டும் மாற்றலாம் என்றார். அந்தக் கோடு இரண்டும் அப்படியே இருக்கின்றன.

ஒரு வேண்டுகோள். பழைய சாமான் குவியலில் 630 அளவில் 41 பல் ஸ்பிராக்கெட் ஒன்று யார் கண்ணிலாவது பட்டால் உட்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒரு போல்ட் துளைக்குப் பக்கத்தில் சென்டர் பஞ்சால் குத்திய மூன்று புள்ளிகள் வரிசையாக இருந்தால் அது என்னுடையது.