யிக் கோளமும் செப்புப் பெட்டியும்: பினாங்கில் மூன்றாண்டு அனுபவம்

கடுகளவுதான் இருக்கும், கருத்து மினுங்கும் அந்தக் கோளம். விட்டம் 1 மி.மீ. யிட்ரியம் இரும்பு கார்னெட் படிகம். ஆய்வகத்தில் யிக் என்போம். மேக்னானையும் (படிகத்தின் காந்தச் சுழற்சி அலையின் துகள்) நுண்ணலை ஃபோட்டானையும் (நுண்ணலையின் ஒளித்துகள்) வலுவாக இணைக்கும் சோதனையைக் குறைந்த செலவில் அமைக்க விரும்புவோருக்கு என் மூன்றாண்டு அனுபவம் உதவக்கூடும்.

கோளத்தை உள்ளே வைத்து நுண்ணலையை அடைத்துவைக்கும் செப்புப் பெட்டியை பட்டர்வொர்த்தில் ஒரு பட்டறையில் குடைந்து வாங்கினோம். உள்ளே நீளமும் அகலமும் 22.86 மி.மீ.; முதல் ஒத்ததிர்வு, அதாவது நுண்ணலை உள்ளே வலுத்து அதிரும் மிகக் குறைந்த அதிர்வெண், 9.28 கிகாஹெர்ட்ஸ். "கண்ணுக்குத் தெரியாத கீறலும் நகத்துக்குத் தெரியும், தங்கச்சி" என்று பட்டறை அண்ணன் உள்சுவரைத் தடவிப் பார்த்துத்தான் கொடுத்தார். அந்த வழவழப்புக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். நுண்ணலை மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பிலேயே ஓடுகிறது.

கோளத்தின் காந்தச் சுழற்சி இதே அதிர்வெண்ணுக்கு வர ஏறத்தாழ 0.33 டெஸ்லா வேண்டும். காந்தப்புலத்தை மெல்ல ஏற்றினால் திரையில் பெட்டிக்கு ஒன்றும் கோளத்துக்கு ஒன்றுமாக இரண்டு கோடுகள் நெருங்கி வரும். வெட்டிக்கொள்ளாமல் விலகிப் போகும். மிக நெருங்கும்போதும் எங்களுக்குக் கிடைத்த இடைவெளி 100 மெகாஹெர்ட்ஸைத் தாண்டியது. கோடுகளின் அகலமோ சில மெகாஹெர்ட்ஸ்தான்; அகலத்தைவிட இடைவெளி பெரிதாக இருப்பதுதான் வலுவான இணைப்பு. முதன்முதலில் பார்த்த அன்று இரவு எட்டு மணிவரை வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. யேல் பல்கலைக்கழகக் குழு 2014இல் இதை அறை வெப்பநிலையிலேயே காட்டியிருந்ததால்தான் நாங்களும் துணிந்தோம்.

0.5 மி.மீ. கோளத்தையும் வைத்துப் பார்த்தோம். ஸ்பின்கள், அதாவது படிகத்திலுள்ள அணுவளவுக் காந்தங்கள், எட்டில் ஒரு பங்காகின்றன. இணைப்பு அவற்றின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் இடைவெளி ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகச் சுருங்கியது. பெரியதே மேல்.

மூன்று ஆண்டுகளில் இணைப்பு ஒருநாளும் கைவிடவில்லை. பாடாய்ப் படுத்தியது புலத்தைத் தரும் நியோடிமியம் காந்தம். அறை ஒரு டிகிரி சூடேறினால் அதன் புலம் சுமார் 0.11 விழுக்காடு குறையும். கோளத்தின் கோடு 10 மெகாஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போய்விட்டு மறுநாள் வந்து பார்த்தால், ஏர்கண்டிஷனர் நின்றிருந்த அறையில் கோடு 80 மெகாஹெர்ட்ஸ் கீழே கிடந்தது. கோளம் கெட்டுவிட்டதென்று கண் கலங்கிவிட்டேன். அறை குளிர்ந்ததும் பழைய இடத்துக்கே வந்தது. இப்போது காந்தத்தை நுரைப்பெட்டியில் மூடி, சிறு ஹீட்டர் வைத்து 35 டிகிரியில் நிறுத்தியிருக்கிறோம். நம் ஊரில் குளிர வைப்பதைவிடச் சூடாக வைப்பது எளிது.

கோளத்தை, பெட்டிக்குள் தாங்கிப் பிடிக்கும் தண்டில் அவசரப்பட்டு ஒட்டாதீர்கள். முதலில் காந்தப்புலத்தில் தளர்வாக விட்டால் படிகம் தனக்கு உகந்த திசைக்குத் தானே திரும்பிக்கொள்ளும், பிறகு ஒட்டலாம். இதைச் செய்யாததால், ஒவ்வொரு முறை கழற்றி மாட்டியபோதும் எங்களுக்கு வேறு அதிர்வெண் வந்தது.

கடற்காற்றில் செம்பு கறுக்கும், பெட்டியின் கோடும் தடிக்கும். நான்கு மாதத்துக்கு ஒருமுறை புளிக்கரைசலில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் அலசித் துடைக்கிறோம். அம்மா குத்துவிளக்குக்குச் செய்வதுதான். தேய்ப்பது மட்டும் கிடையாது.