பண்டிகைக்கு முன் சுவருக்கு எது: சுண்ணாம்பா, எமல்ஷனா?

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறோம். ஆடிவேல் முடிந்த கையோடு அம்மாவின் கண் சுவர்களில் விழத் தொடங்கிவிடும். "நவராத்திரிக்கு ஆக்கள் வருவினம். இந்தச் சுவருக்கு முன்னாலயோ கும்பம் வைக்கிறது?" என்று தொடங்குவார். விஜயதசமி கழிந்து ஏறக்குறைய 20 நாளில் தீபாவளி, பிறகு கார்த்திகை விளக்கீடு, மார்கழியில் திருவெம்பாவை, அது முடியத் தைப்பொங்கல். நாலு மாதத்துக்கு வீட்டில் ஆள்வரத்து ஓயாது. ஆகவே சுவரில் கை வைப்பதென்றால் ஆவணியில் வைத்துவிட வேண்டும்.

எங்கள் வீடு இரண்டு பிறவி. சாமியறை, குசினி, பின்னறை மூன்றும் தாத்தா காலத்துக் கபொக் கல்லும் (செம்புறைக்கல்) சுண்ணாம்புச் சாந்தும். ஹோலும் முன்னறையும் பிறகு சீமெந்துக் கல்லில் சேர்த்துக் கட்டியவை. நீண்ட காலம் எல்லாவற்றுக்கும் எமல்ஷன் பெயின்ட்தான் அடித்தோம். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்டபோது பெயின்ட் வாளியின் விலையைக் கேட்டுவிட்டு ஹாட்வெயார் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்தேன். அந்தத் தீபாவளிக்குப் பின்பக்கத்து மூன்று அறைக்கும் சுண்ணாம்பு அடித்தது வறுமையால், கொள்கையால் அல்ல. அடுத்த வருடம் கை கொஞ்சம் நிமிர்ந்ததும் முன்பக்கத்துக்கு, கழுவக்கூடிய எமல்ஷன் அடித்தோம். பின்பக்கத்தைச் சுண்ணாம்பிலேயே விட்டுவிட்டோம். இப்போது இரண்டும் ஒரே கூரையின் கீழ், ஒரே மழையைச் சந்தித்தபடி இருக்கின்றன. என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை: சுண்ணாம்பு.

சில விஷயங்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். விலையில் சுண்ணாம்பு மலிவு, இதற்கு அலசல் தேவையில்லை. நிறத்தில் எமல்ஷன் வெல்லும். கடைக்காரர் வண்ண அட்டையை விரித்தால் மாம்பழ மஞ்சள் மட்டும் ஆறு விதம் இருக்கும். சுண்ணாம்பில் வெள்ளை, நீலம் போட்ட வெள்ளை, காவி, காவி மஞ்சள், அவ்வளவுதான்; சுண்ணாம்பின் காரம் மற்றச் சாயங்களை வெளிறச் செய்துவிடும். காய்வதில் எமல்ஷன் சுறுக்கு. காலையில் ஒரு பூச்சு, மத்தியானம் அடுத்தது. மணத்தில் சுண்ணாம்பு. ஈரமண் போல ஒரு வாசம் வந்து அடுத்த நாளே போய்விடும். எமல்ஷன் அடித்த அறையில் அம்மா ஒரு கிழமை படுக்கவில்லை, சாம்பிராணி போட்டும் அது அடங்கவில்லை.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு: ஒன்றுமே அடிக்காமல் சவர்க்காரத் தண்ணீரும் பஞ்சும் கொண்டு துடைப்பது. கழுவக்கூடிய எமல்ஷன் அடித்து இரண்டு வருடம் ஆகாத, ஓதம் (உள்ளிருந்து ஊறும் ஈரம்) ஏறாத சுவர் என்றால் அதற்கு மேல் ஒன்றும் செய்யாதீர்கள். சுவிட்சைச் சுற்றிய கைக்கறை, கதிரை முதுகு உரசின இடம், விளக்கு மாடத்துப் புகை எல்லாம் அரை நாளில் போய்விடும்.

இனி உண்மையான விஷயத்துக்கு வருகிறேன். அது ஓதம்.

இந்தியாவில் பல இடங்களில் மழை விட்ட பிறகு பண்டிகைக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள். கொழும்பில் தலைகீழ். மே மாதத்தில் ஒரு மழை வந்து சுவரை நனைத்து வைத்திருக்கும். தீபாவளி வரும்போது இடைப்பருவ மழை உச்சத்தில் நிற்கும். ஒக்டோபரில் மட்டும் சராசரியாக 300 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டுகிற ஊர் இது. அதோடு எங்கள் பக்கம் கடற்காற்றின் உப்பு வேறு. பழைய சுவர்களுக்கு அடியில் நிலத்து ஈரத்தைத் தடுக்கும் படை கிடையாது. நிலத்து ஈரம் திரியில் எண்ணெய் ஏறுவது போல ஏறும். எங்கள் பின்னறையில் நிலத்திலிருந்து இடுப்பளவுக்கு ஒரு கோடு எப்போதும் தெரியும்.

எமல்ஷன் என்பது காய்ந்த பிறகு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தோல். வெளியிலிருந்து வருகிற அழுக்கைத் தடுக்கிறது, அது அதன் பலம். உள்ளிருந்து வருகிற ஈரத்தையும் தடுக்கிறது, அங்கேதான் வினை. ஈரம் வெளியேற வழியில்லாமல் தோலுக்குப் பின்னால் நின்று அதை உப்பச் செய்யும். தண்ணீரோடு வந்த உப்பு அங்கேயே பூத்து, சாந்தையும் சேர்த்து உதிர்த்துவிடும். ஒரு முறை கடையில் "ஓதம் தாங்கும்" என்று அடிப்பூச்சு ஒன்றைத் தந்தார்கள். சாதாரணத்தைவிட இரண்டு மடங்கு விலை. தைப்பொங்கல் வரை அழகாக இருந்தது. மே மழையோடு, அப்பளம் பொரிந்தாற்போல் அறை முழுக்கக் கொப்புளம். பெயின்ட் பாஸை, அதாவது பெயின்ட் அடிக்கிற மேஸ்திரியை, கூப்பிட்டுக் காட்டினேன். நகத்தால் ஒன்றை உடைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது உள்ளுக்க தண்ணி, மிஸ். மேலால அடிச்சா மேலாலதான் போகும்."

சுண்ணாம்பு வேறு மாதிரி வேலை செய்கிறது. நீற்றிய சுண்ணாம்பு, பள்ளிக்கூடத்தில் படித்த அதே கல்சியம் ஐதரொட்சைட்டு. சுவரில் பூசியதும் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை மெல்ல மெல்ல இழுத்துக் கல்சியம் காபனேற்றாக மாறுகிறது. கல்லிலிருந்து சுட்டெடுத்தது திரும்பவும் கல்லாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பூச்சு நுண்துளைகள் கொண்டது. ஈரம் வந்தால் ஆவியாகி அதன் வழியே வெளியேறிவிடும். கொப்புளம் வராது. அடித்த புதிதில் அதன் கடுங்காரத்தில் பூஞ்சணமும் தலைதூக்காது. சாமியறை அலுமாரிக்குப் பின்னால் ஒவ்வொரு மழைக்கும் கறுப்பாகப் படரும் பூஞ்சணம் 2022க்குப் பிறகு பெயருக்குத்தான் வருகிறது. காற்றுப் பட்டு நாளாக ஆகக் காரம் குறைந்துவிடும் என்பதால் வருடா வருடம் ஒரு பூச்சுத் தேவை. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. தீபாவளி எப்படியும் வருடத்துக்கு ஒருமுறை வருகிறதே!

பராமரிப்பில் என் கணக்கு இப்படி. சுண்ணாம்புச் சுவரை அடுத்த வருடம் புதுப்பிப்பது என்றால்: தென்னந்தும்பு வாரியலால் தூசி தட்டு, தண்ணீர் தெளி, ஒரு பூச்சு அடி. பின்னறை அரை நாளில் முடிந்துவிடுகிறது. கடந்த இரண்டு வருடமாகப் பாஸைக் கூப்பிடவே இல்லை, நானும் தம்பியும் செய்துவிடுகிறோம். உதிர்ந்த இடத்தில் மட்டும் இன்னொரு முறை அடித்தால் ஒட்டுத் தெரியாது. கொப்புளித்த எமல்ஷனைப் புதுப்பிப்பது என்றால்: சுரண்டு, உப்பைத் துடை, காயவிடு, புட்டி பூசு, மணல் கடதாசி போட்டுத் தேய், அடிப்பூச்சு, இரண்டு மேற்பூச்சு. அதில் "காயவிடு" என்பது ஒக்டோபரில் நடக்காத காரியம். பாஸ்மாருக்குப் பண்டிகைக் காலத்தில் இருக்கும் கிராக்கியைச் சொல்லத் தேவையில்லை. இன்றைக்கு வாறேன் என்றவர் தீபாவளிக்கு மறுநாள் வந்து நிற்பார்.

ஆனால் எமல்ஷனிலிருந்து சுண்ணாம்புக்கு மாறுவது சும்மா இல்லை. பிளாஸ்டிக் தோலின் மேல் சுண்ணாம்பு பிடிக்காது. பழைய பெயின்ட் முழுவதையும் சாந்து தெரியும் வரை சுரண்ட வேண்டும். பின்னறைக்கு மட்டும் மூன்று நாள் போனது. பிறகு மனம் மாறி எமல்ஷனுக்குத் திரும்புவதும் சிக்கல்தான். சுண்ணாம்பின் மாவுப்படையில் எமல்ஷன் அடித்தால் அந்த மாவோடு சேர்ந்து உரிந்து வரும், அதனால் திரும்பவும் சுரண்டல். யோசித்து இறங்குங்கள்.

செய்முறையில் நான் பிழைவிட்டுப் படித்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாளிரவே கரைத்து ஊறவைத்து, பழைய பருத்திச் சேலைத் துண்டால் வடித்து, பால் பதத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும். தயிர்ப் பதத்தில் அடித்தால் நன்றாக மூடும் என்று நினைத்தேன். காய்ந்ததும் பாளம் பாளமாகக் கழன்றது. மெல்லியதாக மூன்று முறை. அடிக்கும் முன் சுவரை நனைக்க வேண்டும். ஈரத்தில் பார்த்தால் வெறும் தண்ணீர் அடித்தது போல ஒன்றுமே தெரியாது, பதறி மேலும் மேலும் அப்பாதீர்கள், காயக் காயத்தான் வெளுக்கும். வெள்ளை மஞ்சளடிக்காமல் இருக்கத் துணிக்குப் போடும் நீலம் ஒரு சொட்டுப் போதும். பாஸ் முதல் வருடம் ஒரு பிடி உப்புப் போட்டார். உப்பு ஈரத்தை இழுக்கும் என்பதால் எங்கள் சுவருக்கு வேண்டாமென்று பிறகு விட்டுவிட்டேன். எல்லாவற்றிலும் முக்கியம் கண். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் போடாமல் தூரிகையைத் தொடாதீர்கள், சின்னப்பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். தெறித்துவிட்டால் உடனே அங்கேயே நிறையத் தண்ணீரால் நீண்ட நேரம் கழுவி, பிறகு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பிறகு, சேலைக் கதை. முதல் வருடத் தீபாவளிக் காலையில் பெரியம்மா அரக்கு நிறப் பட்டுச் சேலையில் வந்து, சாமியறைச் சுவரில் சாய்ந்து நின்று தேவாரம் பாடினார். பாடி முடித்துத் திரும்பியபோது முதுகில் திருநீறு பூசினாற்போல் ஒரு பட்டை வெள்ளை. தட்டினால் போய்விடும்தான், ஆனால் புதுச்சேலையில் வந்தவருக்கு அதை எப்படிச் சொல்வது? நன்றாக மெல்லியதாக அடித்து ஒரு மாதம் போல் காய்ந்த சுவர் இவ்வளவு ஒட்டுவதில்லை. அந்த வருடம் நான் தடிப்பாகவும் அடித்திருந்தேன், தீபாவளிக்கு ஒரு கிழமை முன்னர்தான் அடித்தும் இருந்தேன். ஆவணியில் தொடங்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

இதனால்தான் ஹோலில் எமல்ஷன். அங்கே ஆக்கள் சாய்வார்கள், பிள்ளைகள் பலகாரக் கையால் சுவரைத் தொடுவார்கள், சுண்ணாம்பில் எண்ணெய்க் கை பட்டால் கழுவ முடியாது. சீமெந்துச் சுவர், ஓதமும் குறைவு. மூன்று வருடத்தில் யன்னலுக்குக் கீழே ஒரு இடத்தில் மட்டும் உப்பியிருக்கிறது. வாடகைக்கு விடுகிற வீடென்றாலும் எமல்ஷன்தான் உசிதம். வீடு பார்க்க வருகிறவர்கள் சுண்ணாம்பைக் கண்டால் முகத்தைச் சுளிப்பார்கள், அதற்கு மேல் விளக்கம் எடுபடாது.

பிளாட்டில் இருப்பவர்கள் என் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மேல்மாடியில் நிலத்து ஈரம் ஏற வழியில்லை. அங்கே வருவது பெரும்பாலும் குழாய்க் கசிவு, மேல்வீட்டுக் குளியலறை, அல்லது மழை அடிக்கிற வெளிச்சுவரில் வெடிப்பு. இவற்றுக்குச் சுண்ணாம்பும் மருந்தல்ல, எமல்ஷனும் மருந்தல்ல. முதலில் கசிவை அடைத்துவிடுங்கள். புட்டி போட்டு வழவழப்பாக்கிய பிளாட் சுவரில் நான் சுண்ணாம்பு அடித்துப் பார்த்ததில்லை. பிடிக்காது என்றே நினைக்கிறேன். சாரல் நேரே அடிக்கிற வெளிச்சுவரிலும் எனக்கு அனுபவம் ஒரே ஒரு மதில்தான். அது இரண்டாவது மழையிலேயே பாதி கழுவிப் போய்விட்டது.

இந்த வருடத்துப் பூச்சு முடிந்துவிட்டது. மிஞ்சின சுண்ணாம்பைக் கொட்டவில்லை. மூடியுள்ள வாளியில், மேலே நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி விட்டுப் பின்வாசலில் வைத்திருக்கிறேன். காற்றுப் படாமல் தண்ணீருக்குள் கிடந்தால் கெடாது, நாள் செல்லச் செல்ல வெண்ணெய் போல் இழைந்துவரும். தைப்பொங்கலுக்கு முற்றத்தில் அடுப்பு மூட்டினால் விறாந்தைச் சுவரின் கீழ்ப்பாதி கரியாகும். அதற்கு அது போதும்.