நீலமா, கருப்பா: ஒரு போக்கர் பெட்டி

விளக்குத்தூண் பக்கத்துச் சந்தில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் பந்தயம் வைக்க 200 வில்லை உள்ள போக்கர் சீட்டாட்டப் பெட்டியை 850 ரூபாய்க்கு வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. அதுவரை மதுரை வில்லாபுரத்தில் எங்கள் மொட்டை மாடியில் வில்லைக்குப் பதில் புளியங்கொட்டைதான். தோற்றவர் எல்லோருக்கும் பருத்திப்பால் வாங்கித் தர வேண்டும், பந்தயம் அவ்வளவே.

வில்லைகள் நல்ல கனம். பத்துப் பத்தாக அடுக்கினால் நடுவில் எவ்வளவு கிடக்கிறது என்று பார்த்ததும் தெரிகிறது. புளியங்கொட்டையில் அவன் ஒரு கை அள்ளிப் போடுவான், நாமும் ஒரு கை அள்ளிப் போடுவோம்.

நாங்கள் எல்லாம் ரம்மியில் வளர்ந்தவர்கள். 101 ரம்மியில் சீட்டு எடுக்காமலே ஸ்கூட் விட்டு விலகினால் 20 புள்ளி, சீட்டு எடுத்த பிறகு விட்டால் 40. விலகும் விலை முன்பே தெரியும். போக்கரில் ஆட்டத்தில் நீடிக்கிற விலையை எதிராளி சுற்றுக்குச் சுற்று மாற்றுகிறான். நடுவில் 300 கிடக்கும்போது நான் 150 வைத்தால், அதே 150 கட்டி கால் பண்ணுகிறவன் நாலில் ஒரு தடவையாவது ஜெயிக்க வேண்டும். எண்ணத் தெரிந்தால்தான் இந்தக் கணக்கு.

போன ஞாயிறு என் கையில் ஆட்டின் ஆஸும் ஒன்பதும். எல்லோருக்கும் பொதுவாக விரித்த மூன்று சீட்டில் இரண்டு ஆட்டின். இன்னொரு ஆட்டின் வந்தால் ஒரே இனத்தில் ஐந்து, பெரிய கை. நடுவில் 300, மச்சினன் 100 பெட் வைத்தான். 100 கட்டினால் 400 வரும், ஐந்தில் ஒரு தடவை ஜெயித்தால் போதும். நான் பார்க்காத 47 சீட்டில் 9 ஆட்டின், 19 சதவீதம். வந்துவிட்டால் பின்னாலும் கறக்கலாம் என்று கால் பண்ணினேன். நான்காவது சீட்டு கிளாவர். அவன் நான்கு வில்லை தள்ளினான். 200தானே, 700 வருமே என்று வாய்விட்டு "கால்" என்றேன்.

"மச்சான், அது நீலம் இல்ல, கருப்பு."

400! 900-க்காக 400 கட்ட 31 சதவீதமாவது வேண்டும். எனக்கு 20 கூட இல்லை. யோசிக்காமல் ஃபோல்டு பண்ணி விலக வேண்டிய கை. எங்கள் மாடியில் சொன்னது சொன்னதுதான், கட்டினேன்.

இந்தப் பெட்டியின் பெரிய குறை இதுதான். 50-க்கு அடர்நீல வில்லை, 100-க்குக் கருப்பு, எதிலும் எண் இல்லை. டியூப்லைட்டில் இரண்டும் ஒன்று. கடையில் போய்க் கேட்டால், "பகல்ல ஆடுங்கண்ணே" என்கிறார்கள். கூட வந்த சீட்டுக்கட்டிலும் மூலை எழுத்து எறும்பு மாதிரி, அதை ஓரம் கட்டிவிட்டோம். கருப்பு வில்லைகளுக்கு மகளின் நெயில் பாலிஷில் ஒவ்வொரு பொட்டு வைத்தபின் பரவாயில்லை. 850 அதிகம், 500 என்றால் வாங்கலாம்.

அன்றைக்கு ஐந்தாவது சீட்டு ஆட்டின் ஏழு. பருத்திப்பாலுக்குக் காசு கொடுத்துக்கொண்டே மச்சினன் சொன்னான்: "இதுக்குப் புளியங்கொட்டையே தேவல மச்சான்."