நாற்பது வளைவுகளும் கிளட்ச் பெடல் இல்லாத காரும்

என் இடது முழங்கால்தான் இந்தக் காரை வாங்க வைத்தது. எனக்குப் பொள்ளாச்சியில் வீடு, வால்பாறையில் வங்கி வேலை. திங்கள் காலை மலை ஏறுவேன், வெள்ளி மாலை இறங்குவேன். இடையில் 64 கிலோமீட்டர். ஆழியாறு அணையைத் தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும். பதினோரு ஆண்டுகள் மேனுவல் கியர் காரில்தான் இந்தப் பாதையில் போய்வந்தேன். வளைவுக்கு இரண்டு முறை கிளட்சை மிதித்தாலும், ஏறி முடிப்பதற்குள் எண்பது மிதி ஆகிவிடும். மூட்டு தேய்ந்திருக்கிறது, கிளட்ச் மிதிப்பதைக் குறையுங்கள் என்று மருத்துவர் சொன்னபோது எனக்கு ஐம்பத்தோரு வயது. மாற்றல் கேட்கும் எண்ணம் இல்லை. காரை மாற்றினேன்.

என் கைக்கு எட்டிய விலையில் இருந்தது ஏ.எம்.டி. வகை ஆட்டோமேட்டிக் மட்டுமே. 2014இல் மாருதி செலேரியோ மூலம் நம் நாட்டுச் சிறிய கார்களுக்கு வந்த தொழில்நுட்பம் இது. மேனுவல் காரில் இருக்கும் அதே கியர் பெட்டியும் அதே கிளட்சும்தான் இதிலும் இருக்கின்றன. காலும் கையும் செய்த வேலையை ஒரு சிறு கணினியும் அதற்குக் கட்டுப்பட்ட கருவியும் செய்கின்றன. அதனால்தான் விலை குறைவு. நான் வாங்கிய சிறிய காரில் மேனுவலுக்கும் இதற்கும் ஏறக்குறைய 50,000 ரூபாய்தான் வித்தியாசம். சி.வி.டி., டார்க் கன்வெர்ட்டர் என்ற மற்ற ஆட்டோமேட்டிக் வகைகளுக்குப் போயிருந்தால் லட்சத்துக்கு மேல் கூடுதலாகியிருக்கும், காரும் பெரியதாகியிருக்கும்.

இரண்டு ஆண்டுகளில் 26,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன். முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் போனால், காந்திபுரம் சிக்னலில் நின்று நின்று நகரும்போது இந்தக் கார் வரப்பிரசாதம். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் தானாக ஊர்கிறது. வீடு திரும்பிப் படி ஏறும்போது முழங்கால் முனகுவதில்லை. மைலேஜும் என் பழைய மேனுவல் காருக்குக் குறைவில்லை, சமவெளியில் லிட்டருக்கு 18 கொடுக்கிறது. ஊருக்குள் மட்டும் ஓட்டுபவராக இருந்தால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம், தயங்காமல் வாங்கலாம்.

மலை வேறு கதை. ஷோரூமில் எனக்கு ஓட்டிப் பார்க்கக் கொடுத்தது கோயம்புத்தூர் நான்கு வழிச் சாலையில். அங்கே ஒரு ஏற்றம்கூடக் கிடையாது. "புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை மேடம், டி-யில் போட்டுவிட்டு ஓட்டுங்கள்" என்றார் விற்பனையாளர். அந்தப் பேச்சை நம்பி முதல் திங்கட்கிழமை டி-யில், அதாவது கார் தானே கியர் மாற்றிக்கொள்ளும் டிரைவ் நிலையில், போட்டு ஏறினேன். வளைவுக்கு முன்னால் சாலை சற்றுச் சமமாக வரும் இடத்தில் கார் மூன்றாம் கியருக்குப் போய்விடுகிறது. ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதுதான் அதற்கு இரண்டாம் கியர் வேண்டும் என்று புரிகிறது. கிளட்சை விலக்கி, கியரை மாற்றி, மறுபடி பிடிப்பதற்குள் ஒரு நொடி போய்விடும். அந்த ஒரு நொடி காரில் இழுவையே இல்லை. உடம்பு முன்னால் சாய்கிறது, கார் தளர்கிறது, மேலிருந்து அரசுப் பேருந்து மூக்கை நீட்டுகிறது. ஒன்பதாம் வளைவில் லோம்ஸ் வியூ என்ற காட்சிமுனை அருகே, சுவரில் நின்ற வரையாட்டைப் பார்க்கக்கூட மனமில்லாமல் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தேன்.

அதைவிடப் பெரிய பாடம் மூன்றாவது மாதம் வந்தது. மேலே ஒரு லாரியும் பேருந்தும் வளைவில் சிக்கிக்கொண்டன. வண்டிகள் வரிசையாக ஏற்றத்தில் நின்றன, ஐந்தடி நகர்வதும் நிற்பதுமாகப் போயின. கார் பின்னால் உருளாமல் இருக்க ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தியபடியே நிறுத்தி வைத்திருந்தேன். பத்து நிமிடத்தில் கருகல் நாற்றம் வந்தது. எச்சரிக்கை விளக்கு எரிந்தது, ஒலியும் எழுந்தது. ஓரம் கட்டி, அரை மணி நேரம் சூடு தணியக் காத்திருந்தேன். வார இறுதியில் எங்கள் பகுதி மெக்கானிக்கிடம் காட்டியபோது அவர் சொன்னதை இன்னும் மறக்கவில்லை: "அக்கா, பெடல்தான் இல்லை. கிளட்ச் உள்ளேதான் இருக்கிறது."

ஏ.எம்.டி. வாங்கும் ஒவ்வொருவரிடமும் ஷோரூமிலேயே சொல்லியிருக்க வேண்டிய வாசகம் இது. ஏற்றத்தில் காரை ஆக்சிலரேட்டரால் தாங்கி நிறுத்தினால் கிளட்ச் தேய்கிறது, சூடேறுகிறது. மேனுவலில் என் கால் அந்த அதிர்வை உணர்ந்து எச்சரித்திருக்கும், இதில் உணர வழியில்லை. நின்றால் பிரேக், நெடுநேரம் என்றால் நியூட்ரலும் ஹேண்ட் பிரேக்கும். ஏற்றத்தில் கார் பின்னால் உருளாமல் பிடிக்க என் காரில் இருக்கும் ஹில் ஹோல்ட் வசதி ஓரிரு நொடிதான் பிடிக்கும், அதை நம்பி நிற்க முடியாது.

இப்போது ஆழியாறு சோதனைச் சாவடியிலேயே லீவரை எம் என்ற மேனுவல் நிலைக்குத் தள்ளிவிடுகிறேன். எந்தக் கியர் என்பதை நான் முடிவு செய்வேன், கிளட்சை மட்டும் கார் பார்த்துக்கொள்ளும். வளைவுப் பலகை கண்ணில் பட்டதும் இரண்டாம் கியருக்கு இறக்கிவிட்டு உள்ளே நுழைந்தால் தளர்ச்சியே இல்லை. கீழே இறங்கும்போதும் அப்படியே. டி-யில் இறங்கினால் கார் மேல் கியருக்குத் தாவி ஓடும், பிரேக்கை மிதித்துக்கொண்டே வர வேண்டியிருக்கும். இரண்டில் பூட்டிவிட்டால் எஞ்சினே காரை இழுத்துப் பிடிக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை பனிமூட்டத்தில், கவர்கல் பக்கம் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத நிலையில், அந்த இரண்டாம் கியர் எனக்குக் கொடுத்த தைரியம் பெரிது.

தம்பியின் சி.வி.டி. காரை ஒரு வாரம் கடன் வாங்கி இதே பாதையில் ஓட்டினேன். அதில் கியர்களே இல்லை, இரண்டு புல்லிகளும் நடுவில் ஒரு பெல்ட்டும் விகிதத்தைத் தொடர்ந்து மாற்றுகின்றன. ஆகவே அந்த ஒரு நொடி இடைவெளி கிடையாது, வளைவில் தண்ணீர் போல வழுக்கிச் செல்கிறது. ஆனால் ஏற்றத்தில் முழுதாக அழுத்தினால் எஞ்சின் அலறுகிறது, வேகம் பின்னால் மெதுவாக வருகிறது. முந்திச் செல்ல நினைப்பவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். எனக்கு அது குறையாகவே படவில்லை. பணம் இருந்திருந்தால் அதைத்தான் வாங்கியிருப்பேன்.

முழங்கால் நன்றாக இருந்து, வாரம்தோறும் மலை ஏறுபவராக இருந்தால்? மேனுவலே வாங்குங்கள். என் பழைய காரில் வளைவு வரும் முன்பே கையும் காலும் பேசிக்கொள்ளும். அந்த இணக்கத்தை ஏ.எம்.டி. எனக்கு இன்றுவரை தரவில்லை. காலுக்கு ஓய்வு வேண்டும், பணமும் குறைவு என்றால் ஏ.எம்.டி. போதும். ஆனால் முன்பணம் கட்டுவதற்கு முன், நீங்கள் அன்றாடம் போகும் ஏற்றத்துக்கே காரைக் கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கள். தர மறுத்தால் வேறு ஷோரூமுக்குப் போங்கள்.

இன்னொன்று. என் காரில் பார்க்கிங்குக்கான பி நிலை இல்லை. வால்பாறையில் நான் தங்கும் வீட்டு வாசல் நல்ல சரிவு. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரில் விட்டு, எஞ்சினை அணைத்த பிறகும் மனம் ஒப்பவில்லை. வீட்டு உரிமையாளரின் அம்மா முதல் வாரமே ஒரு கருங்கல்லை எடுத்துக் கொடுத்து, "இதைச் சக்கரத்துக்குக் கீழே வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கு கண்ணு" என்றார். திங்கள் இரவு வைக்கிறேன், வெள்ளி மாலை எடுத்துத் திண்ணையோரம் போடுகிறேன்.