"பண்ணை நண்டு" என்று விற்கிறார்கள், நம்பாதீர்கள்

பாளையங்கோட்டைப் பக்கம் வளர்ப்புப் பிராணிக் கடைகளில் இப்போது துறவி நண்டு, அதாவது காலிச் சங்குக்குள் குடியிருக்கும் நண்டு, விற்கிறார்கள். 'ஹெர்மிட் கிராப்' என்று எழுதி, கலர் கலராகப் பெயிண்ட் அடித்த சங்குகளோடு கம்பிக் கூண்டில் வைத்திருப்பார்கள். பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். எங்கள் வீட்டு நண்டு ஒன்று கடைக்காரரின் அலட்சியத்தால் செத்துப்போனது. அதற்கு அவர் காசும் வாங்கிக்கொண்டார்.

ஜோடி 800 ரூபாய். "சென்னைப் பண்ணையில பொரிச்சது தங்கச்சி, ஒரு தொந்தரவும் கிடையாது, ஒரு ஸ்பூன் தண்ணி வச்சாப் போதும்" என்றார். இரண்டும் பொய். இந்த நண்டு கரையில் வாழ்ந்தாலும் முட்டையைக் கடலில்தான் விடும். குஞ்சு பல வாரம் கடலில் மிதந்து, உருவம் மாறி, சின்னச் சங்கு ஒன்றைத் தேடிப் போட்டுக்கொண்ட பிறகுதான் கரையேறும். அதைத் தொட்டியில் செய்துகாட்டுவது மிக அரிது. கடைக்கு வருபவை கிட்டத்தட்ட எல்லாமே கடற்கரையில் பிடித்தவைதான்.

ஒரு ஸ்பூன் தண்ணீர்க் கதையும் அப்படித்தான். இது செவுளால் மூச்சு விடுகிற பிராணி. காற்றில் 75, 80 சதவீதமாவது ஈரப்பதம் இல்லையென்றால் மெல்ல மெல்ல மூச்சுத் திணறிச் சாகும். ஆனி, ஆடியில் நம்ம ஊர்க் காத்தடி காலத்தை நினைத்துப் பாருங்கள்; துவைத்துப் போட்ட துணி அரை மணி நேரத்தில் காய்கிறது. அந்தக் காற்றில் கம்பிக் கூண்டு என்ன ஈரத்தைப் பிடித்து வைக்கும்? நாங்கள் வாங்கி வந்த வாரமே மூடி போட்ட கண்ணாடித் தொட்டிக்கு மாற்றினோம். மணலும் தேங்காய் நார்த்தூளும் கலந்து, பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவுக்கு ஈரமாக்கி, முக்கால் சாண் ஆழம் போட்டோம். குளோரின் போக்கிய நல்ல தண்ணீர் ஒரு கிண்ணம், கடல் தண்ணீர் ஒரு கிண்ணம். தூத்துக்குடி உப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று சமையல் உப்பைக் கரைக்கக் கூடாது. மீன்தொட்டிக்கென்று விற்கும் கடல் உப்புக் கலவைதான் வேண்டும்.

பெரிய நண்டு நன்றாகத் தின்றது, தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடந்தது. அப்புறம் நிறம் சாம்பல் பூத்து, கண் மங்கி, ஒருநாள் மணலுக்குள் இறங்கிவிட்டது. சட்டை உரிக்கப் போகிறது என்று அர்த்தம். உள்ளே ஒரு மாதம், இரண்டு மாதம்கூட இருக்கும். பழைய தோலைக் கழற்றி, அதையே தின்று, அந்தச் சுண்ணாம்புச் சத்தில்தான் புதுத் தோலைக் கெட்டியாக்கும். அது வரைக்கும் கிளறவே கூடாது.

அந்தச் சமயத்தில் கோவில்பட்டியில் ஒரு கல்யாணம். வீட்டைப் பூட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது. வாங்கிய கடையிலேயே 'பராமரிப்புக்கு விடலாம், நாளுக்கு 100 ரூபாய்' என்று போர்டு தொங்கியது. தொட்டியைக் கொண்டுபோய், மண்ணுக்குள் நண்டு சட்டை உரிக்கிறது என்று வாயால் சொல்லி, 'மண்ணைக் கிளறக் கூடாது' என்று தாளில் எழுதி மூடியிலும் ஒட்டிக் கொடுத்தேன். "அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா" என்றார்.

திரும்பி வந்து பார்த்தால் தொட்டி பளபளவென்று கழுவி இருக்கிறது. மணலைக் காணோம். நீலக் கலர் சரளைக்கல் போட்டிருக்கிறார்கள். அதன் மேல் பெரிய நண்டு, சங்கை விட்டுப் பாதி வெளியே கிடந்தது. கால்களெல்லாம் வெளுத்து, பார்த்தாலே குழைவாக இருந்தது. ஒரு காலை ஊன்றப் பார்க்கும், அது அப்படியே மடங்கும். கொடுக்கின் நுனியில் சரளை குத்திய தடம் இருந்தது. கழற்றிய தோலைத் தேடினேன். குப்பை என்று வாரிக் கொட்டிவிட்டார்களாம்.

"எழுதி ஒட்டியிருந்தேன்லா அண்ணாச்சி" என்றேன். "மண்ணுக்குள்ள கிடந்து நோய் வந்துட்டு தங்கச்சி, நாங்க பாத்து எடுத்ததாலதான் உசுராவது இருக்கு" என்றார். கூடவே 350 ரூபாய்க்கு ஒரு சொட்டு மருந்தை நீட்டினார். அதை விட்டால் வேறு வழியில்லை என்று சொன்னதால் வாங்கினேன். வீட்டில் வந்து திருப்பித் திருப்பிப் பார்த்தேன்: புட்டியில் என்ன கலந்திருக்கிறது என்றோ, யார் தயாரித்தது என்றோ ஒரு வரி இல்லை. நான் அதை ஊற்றவில்லை. இருட்டான டப்பாவில் ஈரமணல் போட்டு, சுண்ணாம்புச் சத்துக்காகக் கணவாய் ஓட்டைப் பொடித்துத் தூவி, தொடாமல் வைத்தேன். நண்டு மறுநாள் இறந்தது. என் மகன் இன்னும் அந்தத் தொட்டிப் பக்கம் வர மாட்டேன் என்கிறான்.

இந்த நண்டுகள் நன்றாகப் பார்த்துக்கொண்டால் பல பத்தாண்டுகள் வாழக்கூடியவை. ஏற்கெனவே வளர்ப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மண்ணுக்குள் போன நண்டு செத்துவிட்டது, தோண்டி எடுங்கள் என்று கடையில் சொன்னால் கேட்காதீர்கள். செத்த நண்டு மீன் அழுகிய நாற்றம் அடிக்கும். தொட்டியைத் திறந்ததுமே தெரிந்துவிடும். வாடை இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். மேலேயே கிடந்து சட்டை உரித்தால், மற்ற நண்டு தின்றுவிடாதபடி நடுவில் தடுப்பு வைத்து இருட்டாக்குங்கள், தோலை எடுக்காதீர்கள். பெயிண்ட் அடித்த சங்கு வேண்டவே வேண்டாம். பெயிண்ட் உரிந்து வயிற்றுக்குள் போகும். இயற்கையான வெறுஞ்சங்கு, வாய் கொஞ்சம் பெரிதாக, நாலைந்து உள்ளே போடுங்கள்.

பிராணிக் கடைகள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்று 2018இல் விதி வந்திருக்கிறது. பதிவுச் சான்றிதழைக் காட்டுங்கள் என்றதும் அண்ணாச்சி பேச்சை மாற்றினார். நண்டுக்கும், பராமரிப்புக்கும், சொட்டு மருந்துக்கும் பில் என்னிடம் இருக்கிறது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். அதன் பிறகு கடையிலிருந்து கூப்பிட்டு, வேறொரு நண்டு இலவசமாகத் தருகிறோம் என்றார்கள். வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், 'பண்ணையில் வளர்ந்தது' என்று எழுதியிருப்பதை எடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். இதுவரை இரண்டும் நடக்கவில்லை.