டிப் ராடா, ஃப்ளோ மீட்டரா? லாரி டீசலுக்கு எந்த அளவு சரி?

காசிமேட்டில் ஒரு ஐஸ் பேக்டரியின் ஜெனரேட்டருக்கு டீசல் இறக்கி வைப்பது என் பொறுப்பு. டிப் ராடு (தொட்டிக்குள் இறக்கி மட்டம் பார்க்கும் அளவுக்கோல்) போட்டு அளக்கும் லாரியிலும் வாங்கியிருக்கிறேன், மீட்டர் வைத்த சின்ன வண்டியிலும் வாங்கியிருக்கிறேன். இரண்டிலும் ஏமாற வழி உண்டு. ஆனால் வழி வேறு வேறு.

தண்டையார்பேட்டை எண்ணெய் டெர்மினலிலிருந்து பங்க்குகளுக்குப் போகும் டேங்கரில் டிப் ராடுதான். டேங்கரின் தொட்டி அறை அறையாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு அறைக்கும் தனி ராடு, மட்டத்தை லிட்டராக மாற்றத் தனி அளவு அட்டவணை. லாரி சமதரையில் நிற்க வேண்டும், எண்ணெய் அலையடங்க வேண்டும். அதன்பிறகு ராடை நேராக இறக்கி, அடியைத் தொட்டதும் எடுத்து, ஈரக்கோடு காய்வதற்குள் படிக்க வேண்டும். முழு அறையையும் அப்படியே இறக்குகிறவர்களுக்கு இதைவிட எளிமையான முறை இல்லை. நிரம்பிய மட்டம் குறியில் நிற்கிறதா, இறக்கிய பின் அறை காலியா என்று பார்த்தால் போதும்.

எனக்கு வேண்டியது 500 லிட்டர். சிக்கல் அங்கேதான். நீள அகலமான அறையில் ஒரு மில்லிமீட்டர் என்பதே மூன்று நான்கு லிட்டர். இறக்குமுன் ஒரு தடவை, இறக்கிய பின் ஒரு தடவை படிக்கிறோம். தடவைக்கு இரண்டு மில்லிமீட்டர் பிசகினாலே பத்துப் பதினைந்து லிட்டர் யார் பக்கமாவது சாயும். எங்கள் தெருவோ சாக்கடைப் பக்கம் சரிந்த தெரு. லாரி சாய்ந்து நின்றால் ராடில் விழும் கோடே பொய்.

அதனால் மீட்டர் வண்டிக்கு மாறினேன். முதல் மாதமே ஒரு பாடம். டிரைவர் பம்பைப் போட்டதும் குழாய் உதறியது, களக் களக் என்று சத்தம். டீசல் வருவதற்கு முன்பே மீட்டரில் எண்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. முடிந்ததும் எங்கள் டேங்கை அளந்தேன், 480 சொச்சம்தான். "இன்னாண்ணா, மீட்டர்லயே ஐந்நூறு காட்டுதே" என்றார் அந்தத் தம்பி. அவர் பொய் சொல்லவில்லை. மீட்டர் காற்றையும் சேர்த்து எண்ணியிருந்தது.

மீட்டருக்கு முன்னால் காற்றைப் பிரிக்கும் கலம் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். எண்ணத் தொடங்கும்போதே குழாய் நுனிவரை டீசல் நிரம்பியிருக்க வேண்டும். மீட்டர் கணக்கைத் திருத்தும் திருகின் மேல் ஈய முத்திரை முழுசாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் 500 லிட்டருக்கு மீட்டரை டிப் ராடு நெருங்கவே முடியாது. சர்வதேச சட்டமுறை அளவியல் அமைப்பின் ஆர் 117 பரிந்துரை, லாரியில் பொருத்தும் மீட்டரையும் பங்க் பம்பையும் ஒரே 0.5 வகுப்பில்தான், அதாவது நூற்றுக்கு அரை வரை பிசகலாம் என்ற வகுப்பில்தான் வைக்கிறது. அந்தக் கணக்கில் 500 லிட்டருக்கு இரண்டரை லிட்டர்தான் பிசகலாம். நான் இழந்தது அதைப்போல பல மடங்கு.

வே பிரிட்ஜில் எடை போட்டு வாங்கலாமே என்பார்கள். எடையைப் பத்துப் பத்துக் கிலோவாக மட்டுமே காட்டும் லாரி எடைமேடையில் ஒரு படியே 12 லிட்டர் டீசல். முழு லோடுக்குச் சரி, எனக்கு ஆகாது.

வெயில் இரண்டு முறைக்கும் பொது எதிரி. டீசல் 10 டிகிரி சூடேறினால் 4,000 லிட்டர் அறையில் 30 லிட்டருக்கு மேல் பெருகும். பங்க்காரர்கள் அடர்த்தியை 15 டிகிரிக்கு மாற்றிப் பார்ப்பது வழக்கம். எங்களைப் போல் சில்லறையாக வாங்குகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

இப்போது கண்காணிப்புக்கு வருகிறேன். 2009 எடையளவுச் சட்டத்தின் கீழ் வந்த 2011 விதிகள்படி டேங்கர் லாரிக்கு ஆண்டுக்கு ஒருமுறை மறுமுத்திரை, அதாவது அளவைச் சோதித்துப் புதிதாக முத்திரையிடுவது. பங்க்கில் சந்தேகம் வந்தால் அங்கே இருக்கும் அஞ்சு லிட்டர் அளவுக் கேனைக் கேட்டு வாங்கி, பிடித்துப் பார்த்து, வித்தியாசம் 25 மில்லிக்குள் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடலாம். லாரி மீட்டருக்கு அப்படி ஒரு கேன் என் வாசலுக்கு வராது. டிப் ராடு லாரிக்கு ஆண்டு முத்திரை ஓரளவு போதும், ஏனென்றால் தொட்டி சட்டென்று உருமாறாது. மீட்டர் தேயும், வடிகட்டி அடைக்கும், காற்றுக்கலத்தின் மிதவை சிக்கும். எல்லாம் இரண்டு முத்திரைக்கு நடுவிலேயே நடக்கும். மீட்டர் வண்டிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு சோதனையும், தெருவிலேயே நிறுத்தி அளவுக்கலத்தில் பிடித்துப் பார்க்கும் திடீர் ஆய்வும் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்தச் சோதனை டேங்க் காலியாகும் கடைசிக் கட்டத்திலும் நடக்க வேண்டும். அப்போதும் காற்று உள்ளே வரும்.

நான் மீட்டர் வண்டியிலேயே தொடர்கிறேன். பம்ப் ஓடுமுன் முத்திரைத் தேதியைப் பார்க்கிறேன், முதல் பத்து லிட்டரை ஒரு டிரம்மில் பிடிக்கச் சொல்கிறேன். அதில் குமிழி நின்ற பிறகுதான் மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரச் சொல்லி, எங்கள் டேங்கில் குழாயைச் செருக விடுகிறேன். டிரம்மில் பிடித்ததற்குத் தனியாகக் காசு கொடுத்துவிடுகிறேன்.